மச்சான் பெயரில் இருக்கும் என் போனஸ்

ஒஸ்லோவில் என்னைப் போலக் கார் ஓட்ட இன்னொருவர் இல்லை. ரொம்மன் இறக்கத்தில் கண்ணாடிப் பனியில் நான் இறங்கியதைப் பார்த்து ஒருமுறை போலீஸ்காரரே கைதட்டினார். இத்தனை வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வந்த புதிதில் என் விசா இழுபட்டதால், காரையும் இன்சூரன்சையும் மச்சான் பெயரில் எடுத்தோம். அப்படியே விட்டுவிட்டேன். இப்போது மச்சான் தன் மகளோடு இருக்கக் கனடா போகிறார். அதனால் இன்று என் பெயருக்கு மாற்ற இன்சூரன்சுக்குப் போன் எடுத்தேன். கதைத்தது நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி.

"அங்கிள், விபத்தில்லாமல் ஓடின போனஸ் முழுக்க அவரின்ரை பேரிலைதான் இருக்கு. நீங்கள் எங்களுக்குப் புது ட்ரைவர்."

"பிள்ளை, ஓடினது நான்!"

"அதைச் சத்தமாச் சொல்லாதேங்கோ அங்கிள். ஓடுறது அவர் எண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கு, அது வேறை பிரச்சினை."

போனஸ் கழிவு இல்லாமல் வருடத்துக்குக் கட்டவேண்டிய தொகையைச் சொன்னாள். என்னால் கட்ட முடியாது. பழைய இன்சூரன்சை இடையில் நிறுத்தவும் கட்டணமாம். கார் இல்லாமல் இந்த முழங்கால் வலியோடு என்னால் கடைக்கும் போக முடியாது.

மச்சானிடம் சொன்னேன். ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாத மனிதர்.

"அப்ப அந்தப் போனஸைக் கனடாவுக்குக் கொண்டு போகலாமோ எண்டும் கேட்டனீரோ?" என்றார்.

வேறு வழியில்லை, காரை விற்கிறேன். அருமையாக ஓட்டப்பட்டது. யார் ஓட்டியது என்று கேட்காமல் வாங்க யாராவது இருக்கிறீர்களா?