நீலப் பட்டை போட்ட ஏவுகணை

என்னைவிடப் பெரிய கோழை துபாயில் கிடைப்பது கஷ்டம். வெடிக்கவே முடியாத ஏவுகணைக்குப் பயந்து, ஹெல்மெட் பறக்க ஓடியவன் நான்.

விமானக் கண்காட்சிக்குச் சாமான் இறக்கும் டூட்டி. கண்ணுக்கெட்டாத தூரத்தில் பறக்கும் விமானத்தையும் விரட்டிப் போய் அடிக்க, அந்தக் காலத்திலேயே செய்த ஏவுகணையாம். பனைமரத் துண்டுபோல் தடியாக இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் அதைத் தூக்கியபோது ‘டங்’கென்று ஒரு சத்தம். வாசலில் போய்த்தான் நின்றேன். கூடாரமே சிரித்தது.

சிரிக்காதவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கீழக்கரை பாய் மட்டும்தான். ஒல்லி உடம்பு, மருதாணித் தாடி. காலி அட்டைப்பெட்டியைத் தூக்குவதானாலும் சுற்றி நிற்பவர்களைக் கையசைத்து விலக்கிவிட்டுத்தான் தூக்குவார்.

“அந்த நீலப் பட்டையப் பாருங்க தம்பி. பயிற்சிக்குச் செஞ்சது. உள்ள வெடிமருந்து மாஃபி, ஒண்ணும் கிடையாது” என்றார்.

எனக்கு உடனே வீரம் வந்துவிட்டது. பீடத்தில் இறக்குவதற்காக உயரத்தில் நிறுத்தியிருந்த ஏவுகணைக்கு நேர் கீழே போய் நின்று, வீட்டுக்காரிக்கு அனுப்ப செல்ஃபி எடுத்தேன். பாய் இன்ஜினை அணைத்துவிட்டார். “ஜல்தி கரோ! இன்னும் லேட் ஆச்சுன்னா வேலை போயி ஊருக்குப் போயிடுவே” என்று சூப்பர்வைசர் அவரிடம் கத்தினார். அவர் லீவரைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடியபோது வராத கோபம் நின்றபோது பாய் முகத்தில் வந்தது.

“வெடிக்காதுன்னு நீங்கதானே பாய் சொன்னீங்க?” என்று இளித்தேன்.

“வெடிக்காது, ஆனா அசலோட எடையத்தான் இதுலயும் வச்சிருக்கான், தள்ளு!”