இரண்டு வீடு, ஒரே சேனல்

"மக்களே, ஊஃபர் தானா பேசுகு. டி.வி. ஆஃப், ஆம்ப்ளிஃபயர் ஆஃப். இது மட்டும் திம் திம்முன்னு இடிச்சிட்டுக் கெடக்கு. ரோஸ்லி பயந்துபோய் அது மேல குருசு கொண்டு வச்சிட்டா."

வடசேரியில் நான் சர்வீஸ் பார்த்த ஆடியோ கடைக்கு வந்த போன் இது. பேசியவர் இரணியல் பக்கத்துச் சாமுவேல் அண்ணாச்சி. மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர். வரும்போது ஒரு ஒயர்லெஸ் ஹோம் தியேட்டர் கொண்டுவந்திருந்தார். பின்னால் வைக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஒயர் கிடையாது. ஆனால் அதோடு வந்த சப்வூஃபர், அதாவது அடிச்சத்தம் இடிக்கும் ஊஃபர் பெட்டி, சிறியது. "படத்துல வெடி வெடிச்சா நம்ம சோபா அதிராண்டாமா?" என்று கேட்டு, எங்கள் கடையில் பெரிய சப்வூஃபர் ஒன்று வாங்கினார்.

அதை வைக்க சோபாவுக்குப் பின்மூலையில்தான் இடம் இருந்தது. புது டைல்ஸை வெட்ட விடமாட்டேன் என்றார். அதனால் ஒயர்லெஸ் கிட் போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் ஊஃபர் ஒயர் செருகும் சப்-அவுட்டில் ஒரு டிரான்ஸ்மிட்டர், ஊஃபரில் ஒரு ரிசீவர், இரண்டும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பாக்கள். அவ்வளவுதான் வேலை. அன்றைக்குச் சோபா அதிர்ந்தது, அவரும் சிரித்தார்.

இப்போது போய்ப் பார்த்தால் அவர் சொன்னது நிஜம்தான். டிரான்ஸ்மிட்டரைப் பிளக்கோடு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ஊஃபர் அப்போதும் இடித்தது.

"சிக்னல் வெளிய இருந்து வருது அண்ணாச்சி. அடுத்த வீட்டுல இதே கிட் இருக்கணும். அது யாரு வீடு?"

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அடுக்களையில் இருந்து அவர் மனைவி ரோஸ்லி அக்காதான் சொன்னார்: "அது இவருக்கத் தம்பி வீடு. ரெண்டு பேருக்கும் பேச்சு கெடையாது."

எல்லையில் நின்ற அயனிமரத்தை, அண்ணாச்சி ஒரு லீவில் வந்தபோது தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டி வாசல் கதவு செய்துவிட்டாராம். அன்றோடு நின்ற பேச்சு. தம்பி தங்கதுரையும் ஈஸ்டருக்கு எங்கள் கடையில்தான் கிட் வாங்கியிருந்தார், மாட்டப் போனது வேறு ஆள். எல்லாக் கிட்டும் கம்பெனியில் இருந்து ஒன்றாம் சேனலில், அதாவது ஒரே ரேடியோ அலைவரிசையில்தான் வரும். பக்கத்தில் இன்னொன்று இல்லாதவரை யாரும் அதைத் தொடுவதில்லை.

"சின்ன ஸ்விட்ச்தான். ரெண்டுல தள்ளிட்டா தீந்துச்சு" என்று குனிந்தேன்.

"பொறு மக்களே."

சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து ஊஃபரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திம். திம் திம்.

"சண்டைப் படமாக்கும். அவனுக்குச் சின்னதுலயே சண்டைதான் வேணும். தக்கல கொட்டகையில நான் தோள்ல தூக்கி வச்சுக் காட்டணும்." ஊஃபர் மேல் இருந்த குருசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "மாத்தாம விட்டா என்ன?" என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரம் போட்டா கரகரக்கும் அண்ணாச்சி."

"அப்ப நான் படம் பாக்கும்பம் ரெண்டு, பாக்காதப்பம் ஒண்ணு. அப்பிடி வைக்க முடியுமா?"

முடியும். அவருடைய டிரான்ஸ்மிட்டரை இரண்டில் வைத்தேன். ரிசீவர் ஸ்விட்சை எப்படித் தள்ளுவது என்று காட்டிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நாலைந்து தடவை தள்ளிப் பழகினார். "அவனுக்குத் தெரியாண்டாம்" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

மழைக்காலத்தில் திரும்பவும் போன் வந்தது. "ஒண்ணாம் நம்பர் வேல செய்யல்ல மக்களே."

"ரெண்டு?"

"அது நல்லாத்தான் கேக்கு."

ஸ்டேஷன் பக்கம் ஒரு வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு மதியம் போனேன். ரிசீவரில் ஒரு கோளாறும் இல்லை. "அங்க போட்டாத்தான அண்ணாச்சி இங்க வரும். அவங்க போடல்ல."

"மூணு நாளாட்டா?" அவர் பின்வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "அவனுக்கப் பொண்டாட்டி சவுதியில நர்ஸு. தனியாக்கும் கெடக்கான். கடையில இருந்து வந்தேன்னு சொல்லி ஒண்ணு எட்டிப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்."

தம்பி வீட்டுக் கதவு திறக்க வெகுநேரம் ஆனது. தங்கதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ச்சலில் முகம் வாடி, மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. மேசையில் பாதி தின்ற பன் பாக்கெட் கிடந்தது.

"சர்வீஸா? நான் கூப்பிடல்லியே."

"சும்மா செக் பண்ண வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே ஊஃபர் பக்கம் குனிந்தேன். அவருடைய டிரான்ஸ்மிட்டர் ஒன்றில் இருந்தது, ரிசீவர் இரண்டில். அப்படி இருந்தால் அவர் போடும் படம் அவர் ஊஃபருக்கே வராது.

"அண்ணாச்சி, ரிசீவர் ரெண்டுல கெடக்கே."

"கெடக்கட்டும், மாத்தாதீங்க." மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு நாள் கரகரப்பு நின்னுட்டு. அண்ணன் சிஸ்டத்த வித்துட்டுதோன்னு ஒவ்வொரு நம்பராத் தள்ளிப் பாத்தேன். ரெண்டுல அண்ணனுக்கச் சத்தம் கெடச்சுது. இப்பம் அண்ணன் ஒரு படத்த முழுசாப் பாக்காது, நடுவுல ரெண்டு மூணு தடவ நிறுத்திட்டு எழும்பிப் போவுது. சுகர் கூடியிருக்கும். டாக்டரப் பாக்கச் சொல்லுங்க." பிறகு சொன்னார்: "நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்."

நான் நேரே பின்வழியாக வந்து, தம்பியின் ரிசீவர் இரண்டில் கிடப்பதையும் காய்ச்சலையும் சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று கேட்டதுமே சாமுவேல் அண்ணாச்சி சட்டைகூடப் போடாமல் எல்லையைத் தாண்டிப் போனார். ரோஸ்லி அக்கா கஞ்சிப் பானையோடு பின்னால் ஓடினார். நான் முற்றத்தில் நின்றிருந்தேன். சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஏலே, சாவக் கெடந்தாலும் ஒரு வார்த்த சொல்லமாட்டியா?"

"நீ கேட்டியா?"

"தெனமும் கேட்டுட்டுதாம்ல கெடந்தேன்!"

பிறகு கஞ்சிப் பானையில் கரண்டி படும் சத்தம் வந்தது. நான் டூல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கோளாறு என்று கூப்பிட்டால் போனவுடன் ஸ்விட்சைத் தள்ளிவிடாதீர்கள். சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மாற்றவா, வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். அன்று நானாகத் தள்ளியிருந்தால் அரை நிமிட வேலைதான். கடை விதிப்படி அதில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சாமுவேல் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். "தம்பி இப்பம் இங்க வந்துதான் படம் பாக்கான். அவனுக்க ஊஃபர் சும்மா கெடக்கு. அதையும் இதோட சேத்துப் போடலாமா?"

ஒரு டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டு ரிசீவர் தாங்கும். முன்மூலையில் தம்பியுடையதை வைத்து, இரண்டையும் ஒரே சேனலில் விட்டேன். முதல் வெடி வெடித்தபோது அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. "பேசாம இருந்தப்பம் இந்த வீட்டுல பாத்திரமாவது பொழச்சுது" என்று ரோஸ்லி அக்கா கத்தினார். சோபாவில் இருந்த இரண்டு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.