மூன்றாம் கூடத்து வால்வு

பாய்லர்காரருக்குச் செடிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பண்ணையில் வேலை பார்த்த முப்பத்தொரு வருஷமும் அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்றுப் பண்ணையின் நான்கு கண்ணாடிக் கூடங்களுக்கும் குழாய் வழியே வெந்நீர் அனுப்பிச் சூடு காப்பது அவர் வேலை. குழாயில் புறங்கையை வைத்து "அறுபது" என்பார். வெப்பமானி ஐம்பத்தெட்டு காட்டினால், "மானியை மாத்தச் சொல்லுங்க" என்பார். மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே புறங்கைதான்.

"அது குழாய் இல்லைங்க, உங்க பொண்ணு" என்பாள் மனைவி.

"ரெண்டும் சுட்டா சுடுதுதான்."

மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு குளிர்காலத்தில், அவர் ஒரு தவறு செய்தார். மூன்றாம் கூடத்துக் குழாய் ஒழுகியது. அந்தக் கூடத்து வால்வை மூடினார், வாஷரை மாற்றினார், கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வால்வைத் திறக்க மறந்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு வந்து குழாயைத் தொட்டார். கை சில்லிட்டது. கூடத்து மானியில் ஐந்து டிகிரி. உள்ளே பத்தாயிரம் வெள்ளரி நாற்றுகள், இருநூறு தட்டுகளில். அடுத்த திங்கட்கிழமை லாரி ஏற வேண்டியவை. வெள்ளரி பத்து டிகிரிக்குக் கீழே தாங்காது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மானியில் சிவப்புக் கோடு போட்டிருந்ததே அவர்தான்.

நேரே மேனேஜரிடம் போனார். "சார், மூணாம் கூடத்து வால்வை நான்தான் திறக்காம விட்டுட்டேன்."

மேனேஜர் ஓடி வந்து பார்த்தார். நாற்றுகள் பச்சையாக, நிமிர்ந்து நின்றன. "என்னண்ணே இது, காலங்காத்தால வயித்துல புளியைக் கரைக்கிறீங்க? ஒண்ணும் ஆகலையே!"

எட்டு மணிக்கு வெயில் கண்ணாடியில் இறங்கியது. அப்போதுதான் தெரிந்தது. ஒரு தட்டு தலைசாய்ந்தது. பக்கத்துத் தட்டு. பிறகு வரிசை வரிசையாக இலைகள் ஈரத்துணிபோலத் தொங்கின.

விதைத் தட்டு நிரப்பும் பெண்ணை எல்லோரும் தட்டக்கா என்பார்கள். அவள் தண்ணீர்த் தொட்டியில் ஹோஸை மாட்டி இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வாடுதுண்ணே! தண்ணி கேக்குது!"

பாய்லர்காரர் ஒரு தட்டில் விரலை விட்டுப் பார்த்தார். மண் ஈரமாக இருந்தது. ஐஸ்போல இருந்தது.

"நிறுத்தும்மா. மண்ணுல தண்ணி இருக்கு. இழுக்கத்தான் ஆளில்லை."

"என்ன சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

"கீழ பம்பு நின்னுபோச்சு சார். வேர் விறைச்சுக் கெடக்கு. மேல வெயில் இலையிலேர்ந்து தண்ணியை உறிஞ்சுது. பம்பு ஓடாதப்போ மேல குழாயைத் திறந்து வெச்சா லைன் காலியாயிடும். வெயிலை மறைக்கணும். கீழேர்ந்து மெதுவாச் சூடு குடுக்கணும்."

"குளிர்ல விறைச்சதுக்கு வெயில் நல்லதுண்ணே! இதுல மூடணுமா? நீங்க பாய்லரைப் பாருங்க. செடியை நாங்க பாத்துக்கறோம்."

"கெடுத்தவன் நான். என்னைச் சரிபண்ண விடுங்க சார்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. செடி போச்சுன்னா நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். புரியுதா?"

"புரியுது."

நிழல் வலைகளைக் குளிர்காலத்துக்காகக் கழற்றி ஊருக்கு வெளியே கிடங்கில் போட்டிருந்தார்கள். பாய்லர்காரரின் வீடு எதிர்த் தெருவில்தான். அவர் வாசலில் நின்று கத்தினார்: "ஏம்மா! வீட்டுல இருக்கிற போர்வை, படுக்கை விரிப்பு, திரைச்சீலை எல்லாத்தையும் எடு!"

"எதுக்குங்க?"

"வெள்ளரிக்குப் போத்தணும்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த மகளின் அடியிலிருந்தே விரிப்பை உருவினாள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் வாங்கிக்கொண்டு வந்தாள். கம்பி இழுத்து, தட்டுகளுக்கு மேலே பந்தல்போலக் கட்டினார்கள். மேனேஜர் பூப்போட்ட தலையணை உறை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "தாலாட்டு யாரு பாடறது?" என்றார். தட்டக்கா அதை வாங்கிக் கம்பியில் போட்டாள்.

பாய்லர்காரர் வால்வைக் கால் சுற்று திறந்தார். அரைமணி கழித்து இன்னொரு கால் சுற்று. சில்லிட்ட குழாயில் ஒரேயடியாக வெந்நீர் விட்டால் குழாய் அதிரும், இணைப்பு விடும். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. ஊற்றிய கொஞ்சம் தண்ணீரையும் வெதுவெதுப்பாகக் கலந்தே ஊற்றச் சொன்னார்.

மாலையில் பாதி நாற்றுகள் தலைதூக்கின. மூன்றாம் நாள் இலை ஓரங்கள் வெளுத்தன. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். பாய்லர்காரர் வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் காலை தட்டக்கா பாய்லர் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"அண்ணே, நடுவுல குருத்து விட்டிருக்கு! முக்காவாசிக்கு மேல!"

எண்ணினார்கள். பிழைத்தவை ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. கதவோரத்து மேசையில் ஒன்றுகூடப் போகவில்லை. அந்தக் கதவு சரியாக மூடாது. இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்காற்று பட்டுப் பழகிய நாற்றுகள் அவை.

திங்கட்கிழமை லாரி கிளம்பியது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கையைக் கொடுத்தார். "அண்ணே, இனிமே செடிக்கும் நீங்களே வாங்க."

"எனக்குச் செடி தெரியாது சார். நின்னுபோன பம்பு தெரியும்."

மகள் பின்னாளில் தாவர உடலியல் படித்தாள். குளிர்பட்ட வேர் தண்ணீர் இழுக்காது. வெள்ளரியின் இலைத்துளைகள் குளிரில் ஒழுங்காக மூடிக்கொள்வதில்லை. செல்லின் சவ்வு உறைந்த எண்ணெய்போல இறுகும். அந்த நிலையில் வெயில் பட்டால் இலை வெந்துபோகும். மெல்லப் பழகிய செடி சவ்வின் கொழுப்பை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளும். அவளுடைய ஆய்வே அந்தக் கதவோரத்து மேசைதான். பட்டம் வாங்கிய நாளில் அதை விளக்கினாள். பாய்லர்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நான் சொன்னது சரிதானே?"

"சரிப்பா."

"இதுக்கு ஆறு வருஷமா?"

நாற்றுகள் வாடிய அந்த வாரத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம். எந்த வால்வை மூடினாலும் மணிக்கட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்வார். திறந்த பிறகே அவிழ்ப்பார். மாலையில் மனைவி வாசலிலேயே மறிப்பாள்: "கையைக் காட்டுங்க." துணி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறார். அதன் பிறகு அந்தப் பண்ணையில் ஒரு நாற்றும் குளிரில் போகவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மகள் வந்து சேர்ந்தபோது பாய்லர்காரரின் மூச்சு நின்றிருந்தது. போர்வையை விலக்கி முதலில் மணிக்கட்டைப் பார்த்தாள். துணி இல்லை. பிறகு புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள்.