மேசை மேல் கிடக்கும் மனு

ஏழு பெண்கள் கையெழுத்திட்ட மனுவை நான்தான் சாகடித்தேன். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை... குழுவுக்கு அனுப்பினேன்.

உங்களுக்கு இது குற்றமாகவே தெரியாது. எனக்குத் தெரியும். என் முனைவர் பட்ட ஆய்வே அதைப் பற்றியதுதான். அமெரிக்கா உருவான காலத்தில், அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மாநிலச் சட்டசபைகளுக்கு மனுக்கள் போயின. பல சபைகள் மறுப்புக்கூடச் சொல்லவில்லை. மரியாதையாக வாசித்துவிட்டு, மேசை மேல் கிடக்கட்டும் என்றன. அல்லது ஒரு குழுவிடம் கொடுத்தன. அதன்பின் கிணற்றில் போட்ட கல்தான்.

கனடாவில், மொன்றியலில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் செயலாளர். செயின்ட்-மிஷேல் பகுதியில் உணவுத் தொழிற்சாலை வைத்திருப்பவர் எங்கள் புரவலர். அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்ற அனுமதியில் வந்தவர்கள் அந்த ஏழு பேரும். அவர் பூட்டி வைத்திருக்கும் கடவுச்சீட்டுகளைச் சங்கம் கேட்டு வாங்கித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதல் கையெழுத்து மட்டக்களப்புச் சுகந்தியுடையது.

கூட்டத்தில் மனுவை வாசித்தேன். தலைவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் படிச்சனீர். ஆரின்ர மனமும் நோகாமல் ஒரு வழி சொல்லும்."

"மூண்டு பேரைப் போட்டு ஒரு குழு அமைப்பம். அவையள் விசாரிக்கட்டும்."

என் வாயா அது! எத்தனை பக்கங்களில் அந்தத் தந்திரத்தைத் திட்டி எழுதியிருக்கிறேன்... பயந்தேனா? புரவலரின் முகம் கோணக்கூடாது என்று நினைத்தேனா? இரண்டும்தான். அந்தக் குழு ஒருநாளும் கூடவில்லை. மனு என்னிடமே தங்கியது.

சுகந்தி மெட்ரோவில் என்னைக் கண்டு கேட்டாள். "அண்ணா, எங்கட கடிதம் என்ன மாதிரி? லவால்ல ஒரு இடத்தில வேலை தாறம் எண்டு சொல்றாங்க. பாஸ்போர்ட் இருந்தாத்தான் பெர்மிட்டுக்கு எழுதலாம்."

"குழுவில இருக்குது, தங்கச்சி."

அவள் எனக்கு நன்றி சொன்னாள். நன்றி...

அவளுடைய வேலை அனுமதி முடிந்தது. முதலாளி புதுப்பிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய அன்று, விமான நிலையத்தில்தான் கடவுச்சீட்டை அவள் கையில் கொடுத்தாராம்.

என் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்டார்: "மனுக்களை ஒதுக்கி வைத்தவர்கள், தெரிந்துதான் அப்படிச் செய்தார்களா?"

"தெரிந்துதான்" என்றேன்.

ஆதாரம் கேட்டார்.

ஆதாரம் என் வீட்டு மேசையில் கிடந்தது... ஏழு கையெழுத்துகளோடு. நான் ஏதோ ஒரு பழைய சபைக் குறிப்பை எடுத்துச் சொன்னேன். பட்டம் தந்தார்கள்.

மனு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.