அக்கா செய்த திருவாதிரை

மின்சாரம் போன ஒரு மாலை. சேலத்தில் நான் வேலை பார்த்த சின்ன மென்பொருள் அலுவலகத்திலிருந்து எல்லோரும் செல்போன் வெளிச்சத்தில் படியிறங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவுக்குத் தலைமை வகித்த அக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. திரும்பிப் போய், "வரலீங்களா அக்கா?" என்றேன். "கொஞ்சம் கையப் புடிங்க. இருட்டுல எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார். பள்ளிக்கூடங்களுக்காக, இரவு வானத்தைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

விழித்திரையில் நோய். கல்லூரி நாட்களில் தொடங்கியது. மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். பகலில் நன்றாக வாசிப்பார், வெளிச்சமான திரையில் பொடி எழுத்தும் தெரியும். ஆனால் ஜலகண்டாபுரத்து மொட்டைமாடியில் சிறுவயதில் பார்த்த நட்சத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் வானம் வெறும் கறுப்பாகிவிட்டது. இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் தடம் மாறியதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அந்த மார்கழியில் முதலாளிக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்தது. பொங்கலுக்குள் மென்பொருளைக் கொடுத்தாக வேண்டும். எல்லா நட்சத்திரமும் ஒரே மாதிரி மின்னினால் போதும் என்பது முதலாளியின் கட்சி. அக்கா ஒப்பவில்லை. அடிவானத்தில் இருக்கும் நட்சத்திரம் அடர்ந்த காற்றுக்குள் இருந்து வருவதால் மங்கிச் சிவந்து துடிக்கும், மேலே ஏற ஏற அடங்கும், வியாழன் போன்ற கோள் அவ்வளவாக மின்னாது என்றார். முதலாளி சலித்துப்போய், "வானத்தையே பாக்க முடியாதவங்க இத்தன புடிவாதம் புடிச்சா எப்படிங்க?" என்று கேட்டுவிட்டார். அக்கா தண்ணீர் குடித்தார். "பொங்கலுக்குள்ள குடுத்தர்றேனுங்க. சரியாக் குடுக்கறேன்" என்றார்.

அன்றே என்னிடம் வந்தார். "உங்க கண்ணக் கொஞ்சம் கடன் குடுங்க. பொழுது எறங்குனதும் எங்கூட்டு மாடிக்கு வாங்க."

மாடியில் அவர் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பார். நான் கிழக்கே திருவாதிரை நட்சத்திரத்தைத் தேடி நிற்பேன். தென்னைகளுக்கு மேலே அது எழும்பியதும் கேள்விகள் தொடங்கும். "எப்படித் துடிக்குதுங்க? கெட்டுப்போன டியூப்லைட் மாதிரியா, காத்துல வெளக்கு மாதிரியா?" வெளக்கு என்பேன். "செவப்பு எந்தச் செவப்பு?" தணல் ஆறும்போது வரும் சிவப்பு என்பேன். எண்களை மாற்றித் திரையை என் பக்கம் திருப்புவார். முதலில் எல்லா நட்சத்திரமும் ஒன்றாகக் கண் சிமிட்டின, திருவிழா சீரியல் விளக்கு போல. அவரே சிரித்துவிட்டு அழித்தார். ஒவ்வொன்றுக்கும் தனித் துடிப்பு, உயரத்துக்கேற்ற அடக்கம் என்று மறுபடி எழுதினார். பனியில் எனக்குச் சளி பிடித்தது. போதும் என்று நான் சொன்ன நாளில்கூட, "உங்களுக்குப் போதுங்க, அதுக்குப் போதாது" என்று வானத்தைக் காட்டினார். அவர் கை காட்டிய திசையில் நட்சத்திரம் எதுவுமில்லை. அவர் அடுத்த வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு முன்பே முடித்தார். வாழப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சன்னல்களை மூடி, சுவரில் போட்டுக் காட்டினோம். இருட்டிய அறையில் அக்காவால் தன் நட்சத்திரங்களையும் பார்க்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரில் திருவாதிரை எழும்புவதை அவர் காதில் சொல்லக் குனிந்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்த ஆசிரியை பக்கத்திலிருந்தவரிடம், "அய்ய, இங்க பாருங்களேன், எங்க கொல்லையில பாக்கற மாதிரியே செவப்பா நடுங்கிக்கிட்டு வருது!" என்றார். அக்கா என் கையை அழுத்தினார். "நீங்க சொல்ல வேண்டாங்க. அந்தம்மா சொல்லிட்டாங்க."

பின்னால் நின்ற முதலாளிக்கும் அது கேட்டிருக்கும். பழைய பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.

இப்போது அக்காவின் பார்வை இன்னும் குறுகிவிட்டது. கணினி வாசித்துக் காட்டுவதைக் காதில் கேட்டுத்தான் எழுதுகிறார். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். போன வாரம் அழைத்தார். "பால்வீதியச் செஞ்சிட்டிருக்கேனுங்க. அதோட ஓரம் எப்படிக் கரையுதுன்னு புடிபடல. அமாவாசைக்குக் கொல்லிமலை போலாம், சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், வந்துருங்க." வர முடியுமா என்று அவர் கேட்கவேயில்லை.

"வாரேனுங்க அக்கா" என்றேன்.