ரப்பர் குழாயும் வயிற்றெரிச்சலும்

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ரோட்டில், பத்து தீகா என்ற ஊரைத் தாண்டிய ஒரு திருப்பத்தில், என் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது.

அது நிற்பது புதிதில்லை. நின்ற நாள்தான் மோசமான நாள். என் மாமனார் அன்று பிற்பகல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார். இத்தனை காலம் கிள்ளானில் ரோடு போடும் வேலை பார்த்தவர், இனி நாகப்பட்டினத்தில் தம்பி வீட்டோடு இருந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டார். திரும்பி வரமாட்டார். அவரை வழியனுப்பத்தான் நானும் என் மனைவி பார்வதியும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம்.

ரயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நானே ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வீட்டு வாசலில் நின்றால் தண்டவாளம் தெரியும். பிறகு எதற்கு மோட்டார் சைக்கிள்?

எல்லாம் நடராசாவால்தான்.

நடராசா பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர். சர்வே ஆபீசில் உத்தியோகம். என்னிடம் இருக்கும் அதே மாடல் வண்டிதான் அவரிடமும். இரண்டுமே தோட்டத்துத் துரைகள் ஓட்டித் தீர்த்து விற்ற கிழடுகள். ஆனால் அவருடைய கிழடு காலையில் உதைத்ததும் எழுந்து, நிதானமாக, மரியாதையாகப் பேசும். என்னுடையது இருமும், தும்மும், வெடிக்கும்... பிறகு படுத்துவிடும். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் எனக்குக் காப்பி கசந்துவிடும். என்ன செய்ய? வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை பார்வதி ரயிலில் போகலாம் என்றபோது, நடராசா வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம் வண்டி இருக்கும்போது ரயில் எதற்கு என்று, அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

ஆக, ரோட்டோரம். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். வெயில்.

நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். அந்த வேலை எனக்கு அத்துப்படி. அடிக் கிண்ணத்தில் வண்டலைத் துடைத்தேன். பெட்ரோல் வரும் சின்னத் துவாரத்தை வாயால் ஊதினேன். மிதவையைக் குலுக்கிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மாட்டி உதைத்தேன். உறுமியது, தாறுமாறாகக் கத்தியது, நின்றது. மறுபடியும் கழற்றினேன். சுத்தமாக இருந்ததையே மறுபடியும் சுத்தம் செய்தேன்.

புல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பார்வதி, கோளாறு கார்புரேட்டரில் இல்லாமலும் இருக்கலாம் என்றாள். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதாமே, அது வெடித்திருந்தால் காற்று உள்ளே புகுந்து இப்படித்தான் ஆகுமாம்.

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நடராசா அண்ணன்தான். போன வாரம் அவங்க வண்டிக்கு மாத்திக்கிட்டு இருந்தாரு. துணி காயப்போடும்போது கேட்டேன்."

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. நல்ல யோசனை வாசலில் வந்து நின்றாலும், அனுப்பியது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். நான் திறக்கவில்லை. கார்புரேட்டரை மூன்றாவது தடவையாகக் கழற்றப் போனேன்.

பார்வதி எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க வண்டியோட இருங்க. நான் அடுத்த பஸ்ல ஏறிப் போறேன். எனக்கு அப்பாவைப் பாக்கணும்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அந்தக் குழாயை எப்படிச் சோதிப்பதாம் என்று கேட்டேன்... நடராசாவின் பெயரைச் சொல்லாமல்தான்.

எஞ்சினை எப்படியோ உறும வைத்து, பார்வதி சொன்னபடி குழாயைக் கையால் இறுக்கிப் பிடித்தேன். பிடித்ததும் கத்தல் அடங்கியது. விட்டதும் கத்தியது. குனிந்து பார்த்தால், குழாயின் அடிப்பக்கம் நீளமாக ஒரு வெடிப்பு. மேலே நின்று பார்க்கிறவன் கண்ணில் படாத இடம். சுற்றிலும் ரப்பர் காடு, நடுவில் விரலளவு ரப்பர் இல்லாமல் நான்!

பஞ்சர் ஒட்டும் பெட்டியில் பழைய டியூப் துண்டு ஒன்று கிடந்தது. பார்வதி அதை நாடா போலக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றினாள். நான் முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். உதைத்தேன். வண்டி நிதானமாக, மரியாதையாகப் பேசியது. அந்த நிமிடத்தில்கூட, நடராசா சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று ஒரு மூலையில் எரிந்தது. பொய் சொல்வானேன்?

துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமனார் தகரப் பெட்டியோடு வரிசையில் நின்றிருந்தார். பார்வதி ஓடினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தள்ளியே நின்றேன். வரிசை நகர்ந்தபோது அவர் என்னிடம் வந்து, கிரீஸ் அப்பியிருந்த என் கையைத் தயங்காமல் பிடித்துக்கொண்டார்.

"நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துட்டீங்க மாப்பிள்ளை."

கொண்டுவந்து சேர்த்தது யார் என்று நான் விளக்கவில்லை. அவரும் படியேறிவிட்டார்.

திங்கட்கிழமை மாலை வேறு வழியில்லாமல் வேலியருகே போய் நடராசாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். முகப்பவுடர் தூவி வைத்த புது ரப்பர் குழாய்கள்! காய்ந்து வெடிக்காமலிருக்க அப்படி வைப்பாராம். பெட்ரோல் கசிந்தால் ரப்பர் ஊதி இளகிவிடும், உடனே துடைக்க வேண்டும், குழாயை இறுக்கும் வளையத்தை அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது என்றார். மாட்டியும் கொடுத்தார். இவ்வளவு தெரிந்தவர் முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உங்கட வண்டிச் சத்தத்திலயே எனக்கு விளங்கினது. சொன்னா நீங்கள் கோவிப்பியள் எண்டு பேசாமல் இருந்தன்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பேச்சை மாற்ற, பார்வதி டியூபைக் கிழித்துச் சுற்றிய கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் வண்டியின் பின் சீட்டைத் துணியால் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

"என்ர மனுசிக்கு இந்த வண்டியெண்டாலே பயம். ஒருநாளும் பின்னால ஏறினதில்லை. நான் தனியத்தான் ஓடுறன். நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

சொல்லிவிட்டு இன்னொரு தடவை அந்தச் சீட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு காலையும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்க்கிற அதே பார்வை!

அன்றிலிருந்து அவர்மேல் முழுசாகப் பொறாமைப்பட முடியவில்லை. பாதிதான் முடிகிறது.