பொம்மைக்கு ஒரு பிள்ளைக் காம்பரா

திகனைக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்து ஏழாவது மாதம், வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான்கள் வந்தன. ஞாபகம் தப்பியவர்களின் கையில் பொம்மையைக் கொடுத்தால் அமைதியாகிவிடுவார்களாம். இதைச் சொல்லும்போது இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாவின் முகத்தில் அப்படியொரு பிரகாசம், பொம்மையைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பதுபோல. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவருக்குப் பஞ்சு நாய் கிடைத்தது. அவர் அதைக் கதிரையில் உட்கார வைத்து, வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குக் கிடைத்தது பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ள பெண் குழந்தை. எங்கள் பரம்பரையில் அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயசான மனுசிக்குப் பிளாஸ்டிக் பிள்ளையா, மரியாதை கெட்டவர்கள் என்று கண்டி வந்து சேரும்வரை பஸ்ஸில் மனதுக்குள் திட்டினேன். நான் மாநகரசபையில் கிளார்க். மனதுக்குள் திட்டுவதில் இருபது வருட சேவை உண்டு.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. அம்மா காலையில் பொம்மையைப் பணிப்பெண்ணின் கையில் திணித்துவிட்டு வாசல் கேட் பக்கம் நடக்கிறாராம். வேண்டாமாக்கும் என்று அவளும் வாங்கி அலுமாரியில் வைத்துவிடுகிறாள். பத்து மணியானால் அம்மா திரும்பி வந்து, "எம் புள்ள எங்கடி?" என்று ஊரைக் கூட்டுகிறார். முந்தின நாள் பணிப்பெண்ணுக்கு ஓர் அறையும் விழுந்திருக்கிறது.

"மருந்து கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார் பொறுப்பாளர் அம்மா.

அந்த மருந்து குடித்த இரண்டு பேரை அங்கே பார்த்திருக்கிறேன். கதிரையோடு கதிரையாக இருப்பார்கள். அம்மாவை அப்படி ஆக்க விட முடியாது. வீட்டுக்குக் கூட்டிவரவும் முடியாது. பகலில் வீட்டில் ஆளில்லை என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். எனக்குத் தைரியம் இல்லை என்பதே உண்மை.

மறுநாள் லீவு போட்டுப் போனேன். பொறுப்பாளர் அம்மா கோப்பைத் திறந்து வைத்திருந்தார்.

"வீட்டிலேயே இருந்தவர்தானே? விடிந்ததும் எங்கே போகப் பார்க்கிறார்?" என்று கேட்டு, படிவத்தில் என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். தொழில்: குடும்பப் பெண்.

அம்மா முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் கண்டி டவுனுக்கு வந்து, டவுன்காரரைக் கட்டி, டவுன்காரி மாதிரிப் பேசப் பழகியவள். யாராவது சொந்த ஊரைக் கேட்டால், "இங்கதான், பக்கத்துல" என்று மொத்த மலைநாட்டையும் பக்கத்தில் இழுத்துவிடுவேன். அம்மாவுக்கு மறதி வந்தது எனக்கு ஒரு விதத்தில் வசதி. இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

உள்ளதைச் சொன்னேன். அம்மா பொம்மையை வேண்டாமென்று கொடுக்கவில்லை. தோட்டத்தில் தாய்மார் விடிந்ததும் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். வந்து பார்த்தால் தொட்டிலும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஆயா திருதிருவென்று முழிக்கிறாள் என்றால் யார்தான் அறைய மாட்டாள்?

சொல்லி முடிப்பதற்குள் காது சுட்டது. பொறுப்பாளர் அம்மா குடும்பப் பெண்ணைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் முகத்தில் ஒரு நக்கல்கூட இல்லை. இத்தனை வருடம் யாருக்குப் பயந்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

அன்றே பழைய சேலையில் தொட்டில் கட்டினோம். மருந்துப் பேச்சும் நின்றது. காலையில் பணிப்பெண் பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போடுவாள். அம்மா போய் இல்லத்துக் குரோட்டன் வேலியில் துளிர் துளிராகக் கிள்ளிவிட்டு, நேரத்துக்கு வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார். வேலி மொட்டையாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் என்னிடம் முறையிடவில்லை.

ஒரு தடவை நான் காலையிலேயே போய்விட்டேன். பணிப்பெண் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால், அம்மா பொம்மையை என் கையில் தந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆயாம்மா, நல்லா பாத்துக்கங்க. பொம்பள புள்ள. நா இல்லாட்டி அழுவும். பத்து மணிக்கு ஓடியாந்துருவேன்."

"பாத்துக்கிறேன். போயிட்டு வாங்க" என்றேன். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

பத்து மணிக்குச் சொன்னபடி வந்தார். மூச்சு வாங்க, கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டார்.

புறப்படும்போது நானும் வழக்கம்போலப் பணிப்பெண்ணிடம், "அம்மாவ நல்லா பாத்துக்கங்க" என்றேன். இனி நான் வருவது அடுத்த மாதம்.